மாதிரி ரயில் மலிவாகக் கிடைக்குமா? கிடைக்கும், அட்டைப்பெட்டி மோகத்தை விட்டால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேகரிப்புப் பொருட்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், மாதிரி ரயில்களுக்கும் இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 'லிமிடெட் எடிஷன்' என்று அச்சிட்ட, முத்திரை பிரிக்காத அட்டைப்பெட்டிகளை வாங்கி அலமாரியில் அடுக்கினால் பத்து வருஷத்தில் பணம் இரட்டிக்கும் என்று அதில் சொல்லியிருப்பதை நம்பி யாராவது கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதம். இந்தச் சந்தையில் மலிவுச் சரக்கு நிறையவே உண்டு. தன் கையில் இருப்பது என்னவென்று விற்பவருக்கே தெரியாத இடத்திலும், பழைய எண்ணெய் பிசினாக இறுகி ஓடாமல் நிற்கும் இன்ஜினிலும், பலரும் வேண்டாமென்று ஒதுக்கிய நிறத்திலும்தான் அதைத் தேட வேண்டும்.

லிமிடெட் எடிஷன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆயிரம் இன்ஜின் செய்து, ஆயிரம் சான்றிதழோடு விற்றால், வாங்கிய ஆயிரம் பேரும் அதைப் பொத்திப் பொத்தித்தான் வைப்பார்கள். இருபது வருஷம் கழித்து ஆயிரமும் புதுக்கருக்கு அழியாமல் சந்தைக்கு வந்து நிற்கும். உண்மையிலேயே அரிதானவை வேறு வழியில் அரிதானவை. 1957-ல் அமெரிக்காவின் லயனல் நிறுவனம் சிறுமிகளுக்கென்று இளஞ்சிவப்பு இன்ஜினோடு ஒரு செட் போட்டது. நிஜ ரயிலின் நிறத்தில் இல்லாத பொம்மையைக் கடையில் யாரும் சீந்தவில்லை. அன்றைக்கு விலை போகாததால்தான் இன்றைக்கு அதற்கு யானை விலை. (பின்னாளில் அதுவே மறுபதிப்பாகவும் வந்தது. ஆகவே இளஞ்சிவப்பைக் கண்டதும் பாய வேண்டாம்.)

மலிவா இல்லையா என்று தீர்மானிக்க, முதலில் நடப்பு விலை தெரிய வேண்டும். இணைய ஏலத் தளங்களில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்துப் பயனில்லை. கேட்பதற்குக் காசா பணமா? 'விற்று முடிந்தவை' என்ற வடிகட்டியைப் போட்டு, அதே கேட்லாக் எண்ணில் கடைசியாக விற்ற ஆறேழு பொருட்களை எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, மீதிக்குச் சராசரி பாருங்கள். எண் முக்கியம். ஒரே இன்ஜின் அச்சில் பத்துப் பதினைந்து நிறமும், இன்ஜின்மேல் எழுதிய ஓட்ட எண்ணும் வந்திருக்கும். அவற்றில் ஒன்று அடுத்ததைப் போல மூன்று மடங்கு விலைக்குப் போகும். உள்ளே மோட்டாரும் பல்சக்கரமும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மவுசு இல்லாத நிறமே பெரிய தள்ளுபடி. இன்னொரு தருணமும் உண்டு. ஒரு நிறுவனம் குறிப்பிட்ட இன்ஜினைப் புது அச்சில், கூடுதல் நுணுக்கத்தோடு கொண்டுவரப்போவதாக அறிவித்த மாதங்களில் பழைய அச்சு இன்ஜின்களைப் பலரும் ஒரே நேரத்தில் கைகழுவுவார்கள். வாங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆண்டிறுதிப் பரிசுக் காலம் இதற்கு நேர் எதிர். அப்போது விற்கலாம், வாங்கக் கூடாது.

தர நிலையைக் குறிக்கும் சொற்களையும் அப்படியே ஏற்க வேண்டாம். 1954-ல் தொடங்கிய அமெரிக்க ரயில் சேகரிப்பாளர் சங்கம் பொருளுக்கு சி-1 முதல் சி-10 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சி-6 'மிக நன்று', சி-8 'புதிது போல', சி-10 'மின்ட்', அதாவது துளிக் குறையுமில்லாத புதிது. அட்டைப்பெட்டிக்குத் தனியாக 'பி' வரிசை. விற்பவர்களோ கண்ணில் பட்டதையெல்லாம் மின்ட் என்பார்கள். சொல்லை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே மேல்.

பெட்டி என்று தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம்: ரயில் பெட்டியும் பெட்டிதான், அதை வைக்கும் அட்டையும் பெட்டிதான். இந்தக் கடிதத்தில் முன்னதைக் கோச் என்றும் பின்னதை அட்டைப்பெட்டி என்றும் எழுதுகிறேன். சேகரிப்பாளர்கள் தரும் விலையில் கணிசமான பங்கு அந்த அட்டைக்குப் போகிறது. ஓட்டுவதற்கோ கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைப்பதற்கோ வாங்குகிறவர் அதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அட்டைப்பெட்டி இல்லாத, ஆனால் வண்ணம் கெடாத இன்ஜின் இந்தச் சந்தையில் மிக நேர்மையான மலிவு. பின்னால் விற்கும்போதும் அதே கழிவில்தான் விற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது கேஜ் விவகாரம். அதிகமான மலிவும் அதிகமான ஏமாற்றமும் இங்கேதான். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். ஸ்கேல் என்பது அசல் ரயிலுக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதம். எச்ஓ என்பது 1:87; பிரிட்டனின் ஓஓ 1:76. இரண்டுமே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடும். அதனால் விற்பவர்கள் 'எச்ஓ/ஓஓ' என்று சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். அசலில் 20 மீட்டர் நீளமுள்ள கோச் எச்ஓவில் 230 மி.மீ. இருக்கும், ஓஓவில் 263 மி.மீ. வரும். ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும், ஒரே ரயில் போலத் தெரியாது. 'என்' (N) கேஜில் பாதை 9 மி.மீ.தான், ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகள் 1:160, பிரிட்டன் 1:148, ஜப்பான் பெரும்பாலும் 1:150. இசட் கேஜ் 6.5 மி.மீ., 1:220; ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்தது. ஓ கேஜ் 32 மி.மீ. பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும், சக்கரங்களுக்குக் கீழே ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு படத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அகலம் ஒன்றாக இருந்தாலும் மின்சாரம் ஒன்றாக இருக்காது. மார்க்லினின் எச்ஓ ரயில்கள் மாறுமின்சாரத்தில் ஓடுபவை. பாதையின் நடுவே வரிசையாகப் புள்ளித் தொடுமுனைகள் இருக்கும். இன்ஜினின் அடிவயிற்றில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் தகடு ஸ்பிரிங்கில் தொங்கும். இரண்டு பக்கச் சக்கரங்களும் மின்சார ரீதியில் ஒன்றாகவே இருப்பதால், அதைச் சாதாரண இரு தண்டவாள நேர்மின் பாதையில் வைத்த கணமே ஷார்ட் ஆகிவிடும். 'ஓடவில்லை, பழுது' என்ற குறிப்போடு அடிமாட்டு விலைக்கு வரும் மார்க்லின் இன்ஜின்களில் பல, தவறான பாதையில் வைத்துப் பார்க்கப்பட்டவை. பிரிட்டனின் ஹார்ன்பி டப்ளோ ரயில்களும் இப்படித்தான். 1938-ல் அறிமுகமான அந்த வரிசை 1959-ல் இரு தண்டவாளத்துக்கு மாறும் வரை, நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்தது. அடியில் நடுவே மின்தொடுவான் இருந்தால் மூன்று தண்டவாள இனம். அதை யாராவது இரு தண்டவாளத்துக்கு மாற்றியிருந்தால் சேகரிப்பாளரிடம் மதிப்புக் குறையும். ஓட்டுகிறவருக்கு அதுவே லாபம்.

தேடும் விதத்துக்கு வருவோம். சரியான பெயரைத் தட்டிச்சு செய்து தேடுகிறவர்கள் ஆயிரம் பேர். தப்பாக எழுதிய விற்பனையாளரின் சரக்கு அவர்கள் கண்ணில் படாது. மார்க்லினின் ஆங்கில எழுத்தில் 'ஏ'யின் தலையில் உள்ள இரட்டைப் புள்ளியை விட்டும், அதற்குப் பதில் 'ஏஇ' என்று போட்டும் தேடுங்கள். ஃபிளைஷ்மான், பாக்மன் என்ற நிறுவனப் பெயர்கள் இரண்டிலும் கடைசி இரட்டை 'என்'னில் ஒன்றை விட்டுத் தேடுங்கள். ஹார்ன்பியில் நடு 'என்' விழுந்துபோன பட்டியல்கள் உண்டு. பெயரே இல்லாமல் 'பழைய பொம்மை ரயில்', 'தாத்தாவின் ரயில் செட்', 'மொத்தமாக' என்றும் தேடலாம். இப்படிக் கிடைக்கும் மொத்தச் சரக்கின் படத்தில் ஓரத்தில் கிடப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விற்பவர் நடுவில் நிறுத்திப் படமெடுத்த பெரிய இன்ஜின் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கும் தகர வேகனோ, செய்தித்தாளில் பாதி சுற்றிய சிறு டேங்க் இன்ஜினோ படாது.

வாங்குவதற்கு முன் ஐந்து படம் கேளுங்கள்: இரு பக்கம், அடிப்பகுதி, கொக்கிகள் தெரியும்படி முன், பின். முடிந்தால் மேல்கூட்டைக் கழற்றி உள்ளே ஒன்று. அடிப்பகுதிப் படம்தான் உயிர்நாடி. அதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

அந்தப் படத்தில் முதலில் தேட வேண்டியது துத்தநாக நோய். பழைய டை-காஸ்ட் அடிச்சட்டங்கள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. உருக்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் துளி கலந்துவிட்டாலும், உலோகத்தின் படிகங்களுக்கு நடுவே அரிப்பு தொடங்கி வருஷக்கணக்கில் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஈரமும் வெப்பமும் அதை விரட்டும். முதலில் வறண்ட ஏரிப்படுகை போல மயிரிழை விரிசல்கள் ஓடும். பிறகு உலோகம் உப்பும். அடிச்சட்டம் சில மில்லிமீட்டர் நீண்டு மேல்கூட்டுக்குள் இறுகி, திருகைக் கழற்றினாலும் கூடு வராது. கடைசியில் பிஸ்கட் போல உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது சகஜம். அதற்காகப் புதியது எல்லாம் தப்பித்தது என்றும் எண்ண வேண்டாம். 2000-க்குப் பின் வார்த்த சிலவற்றிலும் வந்திருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. ஒட்டுப்பசை, பூச்சு எதுவும் நிறுத்தாது. மாற்று அடிச்சட்டம் கிடைத்தால் உண்டு, இல்லையேல் மேல்கூட்டுக்கு மட்டும் விலை கொடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் அடிச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு நேர்கோட்டை வைத்துப் பாருங்கள். வாழைப்பழம் போல லேசாக வளைந்திருந்தால் அந்த இன்ஜினை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

பிளாஸ்டிக்குக்கும் ஒரு நோய் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் டிரையாங் வரிசையில் வந்த செல்லுலோஸ் அசிடேட் கூடுகள் காலப்போக்கில் முறுக்கிக்கொள்ளும். கோச்சின் கூரை நடுவே தொய்ந்திருப்பது படத்திலேயே தெரியும். வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், மேலும் முறுக்கும்.

நேரில் பார்க்க முடிந்தால் மூன்று பொருள் போதும்: ஒரு சிறு காந்தம், இரண்டு வயர் பற்றவைத்த 9 வோல்ட் சதுர பேட்டரி, ஒரு மல்டிமீட்டர். காந்தம் எதற்கென்றால், தண்டவாளத்தில் ஒட்டினால் அது எஃகு. துருப்பிடிக்கும், மின்சாரம் சரியாகக் கடத்தாது, காசு கொடுக்கத் தேவையில்லை. ஒட்டாமல் வெள்ளி போலிருந்தால் நிக்கல் சில்வர், எடுத்துக்கொள்ளலாம். பித்தளைப் பாதை மஞ்சளாகவே தெரியும். வாரம் ஒருமுறை தேய்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். பாதையின் மேல் 'கோடு (Code) 100', 'கோடு 75' என்றிருப்பது தண்டவாள உயரம்: 2.54 மி.மீ., 1.9 மி.மீ. பழைய இன்ஜின்களின் சக்கர விளிம்பு ஆழமானது. தாழ்ந்த தண்டவாளத்தில் அது குறுக்குக்கட்டைமேல் இடித்துத் தடதடக்கும், பாதை பிரியும் பாயின்ட்டில் ஏறிக் கவிழும்.

இரு தண்டவாள இன்ஜினில் இடப்பக்கச் சக்கரத்தில் ஒரு வயர், வலப்பக்கச் சக்கரத்தில் ஒரு வயர் வைத்தால் சுழல வேண்டும். முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுழல வேண்டும். பழைய மாறுமின்சார மார்க்லினில் ஒரு வயரை அடித் தகட்டிலும் இன்னொன்றைச் சக்கரத்திலும் வைக்க வேண்டும். முனைகளை மாற்றினாலும் அது அதே திசையில்தான் ஓடும், அது பழுதல்ல. திசையை மாற்றுவது உள்ளேயுள்ள ரிலே. அதற்குச் சுமார் 24 வோல்ட் துடிப்பு தேவை. மல்டிமீட்டரைத் தொடராக இணைத்தால் மோட்டாரின் ஆரோக்கியம் தெரியும். இன்றைய சிறு மோட்டார்கள் சுமை இல்லாதபோது 0.1 முதல் 0.3 ஆம்பியர் வரை எடுக்கும். பழைய திறந்த சட்ட மோட்டார் அரை ஆம்பியர் வரை எடுப்பது இயல்பு. ஒரு ஆம்பியரைத் தாண்டி, மோட்டார் சூடாகி, இழுவையும் இல்லையென்றால் காந்தம் வலுவிழந்திருக்கிறது என்று பொருள். டிரையாங்கின் எக்ஸ்04 போன்ற மோட்டார்களில் யாராவது காந்தத்தை வெளியே எடுத்து, அதன் முனைகளுக்கிடையே இரும்புத் துண்டு வைக்காமல் விட்டுவிட்டால் இப்படி ஆகும். திரும்பக் காந்தமேற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். மாற்றுக் காந்தமும் உண்டு. விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஓடுகிறதா என்று பார்க்க இன்ஜினைக் கையால் மேசைமேல் தள்ளாதீர்கள். மோட்டாரிலிருந்து திருகு வடிவப் பல்லில் விசை இறங்கும் அமைப்பானால் சக்கரத்திலிருந்து மோட்டாரைச் சுழற்ற முடியாது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் பிளாஸ்டிக் பல் மழுங்கிவிடும். ஏலக்கூடத்தில் இப்படித் தள்ளிப் பார்த்தே பலர் நல்ல இன்ஜினைப் பாழாக்கியிருக்கிறார்கள்.

எந்தப் பழுது சில்லறைச் செலவு, எது கையைக் கடிக்கும் என்பது தெரிந்தால் பேரம் பேசுவது எளிது. சக்கரத்தில் கடினமாகிப்போன ரப்பர் வளையம், மோட்டாருக்கு மின்சாரம் தரும் தேய்ந்த கார்பன் பிரஷ், எரிந்த பல்பு, உடைந்த கொக்கி: இவை நான்கும் ஒன்றுமேயில்லை. 'ஓடவில்லை' என்று வருபவற்றில் பெரும்பகுதி இறுகிய எண்ணெய்தான். சக்கரம் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று துள்ளினால் அச்சில் ஏற்றிய பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கிறது; பிளாஸ்டிக் சுருங்கும், உலோக அச்சு சுருங்காது, ஆகவே பல்லின் அடியில் பிளக்கும். புழக்கத்தில் உள்ள இன்ஜின்களுக்கு மாற்றுப் பல் எளிதில் கிடைக்கும். அபூர்வமான தயாரிப்புக்குக் கிடைக்காது, அங்கேதான் செலவு. அதேபோல, காணாமல்போன கைப்பிடிக் கம்பி, பெயர்ப் பலகை, பஃபர் போன்றவை சிறியவைதான் என்றாலும் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் கூட்டுத்தொகை இன்ஜின் விலையைத் தொட்டுவிடும். வண்ணம் உரிந்ததைத் தொடவே தொடாதீர்கள். சேகரிப்பாளர் கண்ணில் நேர்மையான கீறலுக்கு மதிப்பு உண்டு, புதுப் பெயின்டுக்கு இல்லை.

சுத்தம் செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் மலிவை மலிவாகவே வைத்திருப்பது. கூட்டைக் கழற்றி, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வையுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, மோட்டாரின் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்புப் பகுதி) மெல்லச் சுழற்றித் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். கறுப்பு நிற்கும்வரை பஞ்சை மாற்றுங்கள். செம்புத் துண்டங்களுக்கு நடுவே உள்ள வெட்டில் கார்பன் தூள் அடைத்திருக்கும். பல் குத்தும் மரக்குச்சியால் வழித்தெடுங்கள். ஊசியால் கீறினால் செம்பில் பிசிறு எழும்பிப் பிரஷைத் தின்னும். பழைய எண்ணெயை பல்சக்கரங்களிலிருந்து முழுவதும் எடுத்த பிறகு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, ஒவ்வொரு அச்சுமுனைக்கும் ஒரு துளி. துளி என்றால் நிஜமாகவே துளி. அதிகப்படியான எண்ணெய் கம்யூட்டேட்டருக்கு ஏறி கார்பனோடு குழைந்து மை போலாகி, மோட்டாரை மெல்ல மெல்ல ஷார்ட் ஆக்கும். தையல் இயந்திரத்துக்குப் போடுவதுபோல் தாராளமாக ஊற்றியதால் நின்றுபோனவையே 'பழுது' சரக்கில் பாதி.

சாவி கொடுக்கும் தகர இன்ஜின் என்றால், சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் சாவி கொடுங்கள். இறுக்கம் சீராக ஏற வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் சாவி சுற்றிக்கொண்டே போனாலோ, நடுவில் 'டங்' என்று வழுக்கினாலோ ஸ்பிரிங் அறுந்திருக்கிறது.

போலிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. டப்ளோவின் அச்சுகளை வைத்து ரென் நிறுவனம் 1990-களின் தொடக்கம் வரை இன்ஜின்கள் செய்தது. ஒரே வார்ப்பு, பல நிறங்கள். சில நிறங்கள் சொற்ப எண்ணிக்கை. பொதுவான நிறத்தைச் சுரண்டி அரிய நிறத்தைப் பூசி விற்க இதைவிட வசதி வேண்டுமா? கூட்டைக் கழற்றி உட்புறம் பாருங்கள். தொழிற்சாலைப் பூச்சு உள்ளே மங்கலாகச் சிதறியிருக்கும். மறுபூச்சில் ஓரங்களில் இரண்டு நிறம் அடுக்காகத் தெரியும், திருகுத் தலையில் பெயின்ட் இருக்கும், எழுத்துகளின் விளிம்பு தடித்திருக்கும். போருக்கு முந்தையது என்று சொல்லும் அட்டைப்பெட்டியின் மேல் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது வெண்மையூட்டி கலந்த காகிதம். அந்த ரசாயனம் காகிதத்தில் பரவலானது போருக்குப் பிறகு. அட்டையின் ஓரத்தில் குத்திய எண் உள்ளேயிருக்கும் இன்ஜினின் எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். யாரோ ஒருவரின் அட்டைக்குள் வேறொருவரின் இன்ஜினைத் திணித்துத் தலையில் கட்டுவது சாதாரணமாக நடக்கிறது.

டிஜிட்டல் கட்டுப்பாடு என்ற டிசிசி பற்றியும் ஒரு வார்த்தை. 'டிசிசி ரெடி' என்றால் உள்ளே சாக்கெட் மட்டும் இருக்கும், கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டிகோடர் இருக்காது. 'டிசிசி ஃபிட்டட்' என்றால்தான் டிகோடரும் உண்டு. எட்டு முள், இருபத்தொரு முள், நெக்ஸ்ட்18 என்று சாக்கெட் பலவிதம். ஒன்றுக்கு வாங்கிய டிகோடர் மற்றதில் ஏறாது. சாக்கெட்டே இல்லாத பழைய நேர்மின் இன்ஜின்கள் இதனாலேயே கவனிப்பாரற்று மலிந்து கிடக்கின்றன. அவற்றை மாற்ற நினைத்தால், மோட்டாரின் இரு பிரஷ்களும் அடிச்சட்டத்திலிருந்து மின்காப்போடு பிரிந்திருக்கின்றனவா என்று மீட்டரில் பாருங்கள். ஒன்று சட்டத்தோடு தொட்டிருந்தால் டிகோடர் முதல் மின்சாரத்திலேயே புகைந்துவிடும். டிகோடர் விலை, உழைப்பு இரண்டையும் கூட்டினால், பல நேரங்களில் சாக்கெட் உள்ள பிற்காலப் பதிப்பே மலிவாக முடியும்.

பித்தளை இன்ஜின்களும் முன்போல இல்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் கையால் பற்றவைத்துச் செய்த எச்ஓ மாதிரிகள் ஒரு காலத்தில் கோடீஸ்வரர் சமாசாரம். நுணுக்கமான பிளாஸ்டிக் மாதிரிகள் வந்த பிறகு அவற்றில் பல இறங்கியிருக்கின்றன. வாங்கினால் உடனே அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பழைய பஞ்சணையைத் தூக்கி எறியுங்கள். அந்த பாலியூரித்தேன் நுரை வயதானால் பாகாகி வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். குமிழி பிளாஸ்டிக்கையும் நேரடியாக வண்ணத்தின் மேல் சுற்றி வருஷக்கணக்கில் வைத்தால் வட்ட வட்டமாகத் தடம் விழும். நடுவே மெல்லிய அமிலமற்ற காகிதம் வேண்டும்.

மொத்தச் சரக்கை ஏலம் கேட்பதற்குக் கணக்கு இப்படி. ஒரு லாட்டில் ஓர் இன்ஜின், நான்கு கோச், ஆறு வேகன், கொஞ்சம் பாதை, ஒரு டிரான்ஸ்பார்மர் என்று வைத்துக்கொள்வோம். விற்று முடிந்த விலைகளின்படி (எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்) இன்ஜின் 45, கோச் தலா 10, வேகன் தலா 5. ஆக 115. எஃகுப் பாதைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் பூஜ்யம் போடுங்கள். பழுதுபார்க்க 12, அனுப்புக்கூலி 15 கழித்தால் 88. ஏலக்கூடம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கமிஷன் 25 சதவீதம் என்றால், 88-ஐ 1.25-ஆல் வகுக்க வேண்டும்: 70. அந்தக் கமிஷனுக்கு மேல் வரி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரியாததற்காக இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கழியுங்கள். 56-க்கு மேல் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் 60 கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். தூரதேசத்திலிருந்து ஒற்றை வேகன் வரவழைப்பவர்களுக்குச் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். ஒரே விற்பனையாளரிடம் ஐந்தாறு சேர்த்து வாங்கினால் மட்டும் கட்டுப்படியாகும். அட்டைப்பெட்டிக்கு வெளியே இன்னொரு பெட்டி, நடுவே ஐந்து சென்டிமீட்டர் பஞ்சு என்று சொல்லி அனுப்பச் செய்யுங்கள். கனமான டிரான்ஸ்பார்மரை இன்ஜினோடு ஒரே பெட்டியில் போட்டால் வழியில் அது சுத்தியலாக மாறும்.

அந்த டிரான்ஸ்பார்மருக்குப் பூஜ்யம் போடச் சொன்னதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஐம்பது, அறுபது வருஷத்து ரப்பர் உறை வயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வளைத்தால் உள்ளே பொடியாக உதிரும். இரும்புக் கூட்டுக்கு எர்த் இணைப்பும் இருக்காது. 110 வோல்ட்டுக்குச் செய்ததை 230-ல் செருகினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிளக்கை வெட்டிவிடுங்கள். ரயிலை ஓட்ட இன்றைய பாதுகாப்பான கன்ட்ரோலர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். குழந்தைகள் தொடும் பொருளில் இந்த ஒன்றில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த அட்டவணையில் எச்ஓ, ஓஓ இரண்டுக்கும் 1:87 என்றே அச்சாகியிருக்கிறது. ஓஓ 1:76 என்று அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு கோச் வாங்கப் போகும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாதிரி ரயில் சேகரிக்கும் வாசகர்